பொறுப்பாளர் என்ற கட்டம்

நகாமிசாகி, ஜப்பான்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள நிலக்சியின் அப்பாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். ஆனால் போனில் சொன்னது கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமைப் போனில் சாப்பாடும், குளிர் வெயில் என்ற சுவாத்தியமும் மட்டும், மனதில் உள்ளது கடிதத்தில் என்று விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பேசி முடித்தோம் அல்லவா. நல்ல முடிவுதான். போனில் நாங்கள் இருவரும் மூன்றாவது நிமிடத்திலேயே சண்டைக்குள் போய்விடுகிறோம். கடிதத்தில் வரும் கோபம் பத்து நாள் பயணம் செய்து களைத்துத்தான் வந்து சேரும்.

இது கடலோரத்தில் ஒரு சிறு நகரம். காலையில் மூடுபனி கடலிலிருந்து ஏறி வந்து தெருவில் நடக்கிறது. என் யன்னலால் பார்த்தால் எதிர்வீட்டின் கூரை மட்டும் மிதந்துகொண்டிருக்கும். மாலை ஐந்து மணிக்குத் தெருக்கம்பங்களில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாம் தாலாட்டுப் போன்ற ஒரு மெட்டை வாசிக்கின்றன. பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போகும் நேரமாம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கும் உடனே வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கும். பிறகுதான் எந்த வீட்டுக்கு என்று யோசிப்பேன்.

இனி வேலை. இந்தப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் நாற்பத்தொரு பேர். போன வருடம் மட்டும் பதினொரு பேர் படிப்பை இடையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவும் இல்லை. அதற்குத்தான், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு மாரடித்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அலுவலகத்தின் தலைவர் மொரித்தா சான். இங்கே பெயருக்குப் பின்னால் சான் போட வேண்டும், நாங்கள் அண்ணை போடுவதுபோல. முதல் நாளே வரவேற்புக் கையேடு ஒன்றை இரண்டு கையாலும் தந்தார். எண்பத்து நான்கு பக்கம். முதல் பக்கத்தில் 'வருக' என்று இருக்கிறது. மீதி எண்பத்து மூன்று பக்கத்திலும் செய்யக்கூடாதவை இருக்கின்றன.

ஒரு வருடம்தான். வருகிற மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவேன் என்று சொன்ன சொல்லில் மாற்றம் இல்லை. நிலக்சி கலியாணம் செய்து விட்பி நகருக்குப் போன பிறகு அந்த வீட்டின் அமைதி எனக்கு மூச்சு முட்டியது. அதனால்தான் வந்தேன், உங்களை விட்டுப் போக வேண்டும் என்று இல்லை. விமான நிலையத்தில் நீங்கள் காரை விட்டு இறங்காததற்குப் பார்க்கிங் கரைச்சல் என்றீர்கள். அதை அப்படியே நம்பிவிட்டேன்.

பிறீசரில் மூன்றாம் தட்டில் மீன் குழம்பு பெட்டி பெட்டியாக இருக்கிறது. வெளியில் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுக்காதீர்கள்.

அன்புடன்,
நிரூபா


வோபர்ன், ரொறன்ரோ
5 மே 2024

நிரூபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. கடைசியாக எழுதியது 1993இல், கொழும்பில் இருந்த உமக்குத்தான். அதிலும் விசா விஷயம் மட்டும்தான் எழுதினேன் என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறீர்.

நான் வழமைபோல எல்ஸ்மியர் வீதி பஸ்ஸைத்தான் ஓட்டுகிறேன். விடியற்காலை முதல் ஓட்டம். இப்போது பஸ்ஸில் பாதிப் பேர் வெளிநாட்டு மாணவர்கள். பெரிய பெட்டிகளோடு ஏறுவார்கள், எங்கே இறங்குவது என்று தெரியாமல் போனைப் பார்த்தபடி நிற்பார்கள். நீர் இதற்காக அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை. இங்கேயே மலிந்து கிடக்கிறது.

கீழறையை வாடகைக்கு விட்டேன். ஸ்ரீநிதி என்று கோயம்புத்தூர்ப் பிள்ளை, உம்முடைய பழைய கல்லூரியில்தான் படிக்கிறாள். வீட்டு விதிகள் ஒன்பதை எழுதிக் கீழ்க்கதவில் ஒட்டியிருக்கிறேன். பிரச்சினை இல்லை.

குழம்பு முடிந்துவிட்டது.

வாகீசன்


நகாமிசாகி
9 யூலை 2024

அன்புள்ள நிலக்சியின் அப்பாவுக்கு,

ஒன்பது விதியா? நல்லது. எங்கள் பல்கலைக்கழகத்தை விட எண்பத்து மூன்று பக்கம் முன்னேறியிருக்கிறீர்கள். விதி எழுதி ஒட்டியதைத் தவிர அந்தப் பிள்ளையோடு ஏதாவது கதைத்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

இங்கே ஒரு கொலை நடக்கப் பார்த்தது. கொலைகாரி நான்தான். மொரித்தா சானை ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த இடியப்ப உரலை எடுத்து, இங்கே கிடைத்த அரிசி மாவில் இடியப்பம் அவித்து, சொதியும் மீன் குழம்பும் வைத்தேன். இங்கே தட்டில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு. எங்கள் ஆட்களுக்கோ, விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருக்கப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவு. அவர் முடித்தார், நான் போட்டேன். அவர் வேர்த்து வேர்த்து முடித்தார், நான் சந்தோசத்தில் இன்னும் போட்டேன். இருபத்தாறு இடியப்பம். எண்ணியது நான் இல்லை, அவர்.

இரண்டு நாள் அலுவலகத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் இனிப்புப் பெட்டியோடு வந்து, வராமல் விட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மெல்லக் கேட்டார், உங்கள் ஊரில் போதும் என்று எப்படிச் சொல்வது என்று. தட்டுக்கு மேலே கையை விரித்துப் பிடித்துக் காட்டினேன். அந்த மனிதர் மேசையில் இருந்த கோப்புக்கு மேலே கையை விரித்து மூன்று முறை பழகிப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் யன்னல் பக்கம் திரும்பி, "எங்கள் மாணவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்களோ? வேண்டாம் என்பதற்கும் வழி தெரியாமல், வேண்டும் என்று கேட்பதற்கும் வழி தெரியாமல்" என்றார். மூன்று மாதம் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியும் ஏறாதது இருபத்தாறு இடியப்பத்தில் ஏறிவிட்டது.

அடுத்த கிழமையே அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்பைக் கழற்றினோம். இதுவரை பிள்ளைகள் நின்றபடி பேச, நாங்கள் இருந்தபடி கேட்டோம். இப்போது எல்லோரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி இருக்கிறோம். எண்பத்து நான்கு பக்கக் கையேட்டுக்கு மேலே ஒற்றைத் தாள் ஒன்றையும் வைத்திருக்கிறோம். எவற்றை எல்லாம் கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. பேராசிரியரை மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்கலாம். தொழுவதற்கு ஒரு அறை கேட்கலாம். தனிமையாக இருக்கிறது என்றுகூட வந்து சொல்லலாம். அந்தத் தாளை வாங்கிய ஒரு பிள்ளை, "இதை எல்லாம் உண்மையிலேயே கேட்கலாமா?" என்று கேட்டாள். அதுதான் நாங்கள் வாங்கிய முதல் கேள்வி.

சாமான் கழுவும்போது உங்களை நினைத்தேன். முப்பது வருடமாக நான் போட்டதை எல்லாம் சாப்பிட்டிருக்கிறீர்கள். போதும் என்றும் சொன்னதில்லை, இன்னும் கொஞ்சம் என்றும் கேட்டதில்லை. என் சமையல் பிடிக்குமா, நான் பக்கத்தில் இருப்பது பிடிக்குமா, எல்லாவற்றையும் நானே ஊகித்து வைத்திருக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. மூடுபனி நாட்களில் ஆட்களுக்கு இப்படி யோசனை வரும்.

அன்புடன்,
நிரூபா


வோபர்ன்
18 ஓகஸ்ட் 2024

நிரூபாவுக்கு,

மீன் குழம்பு பிடிக்கும். பயத்தங்காய்க் கறி பிடிக்காது. முப்பது வருடம் பிந்திச் சொல்கிறேன்.

உம்முடைய கடிதம் வந்த அன்று கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன். ஸ்ரீநிதி பயந்துவிட்டாள். எந்த விதியை மீறினேன் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, சும்மா வந்தனான் என்றேன். அவள், "ரூல்ஸ் எல்லாம் சரிதான் அங்கிள். ஆனா மூணு மாசத்துல நீங்க ஒரு தடவ பேசியிருக்கலாமே. இந்த வீட்டுல ஆள் இருக்காங்களான்னே சில நாள் எனக்கு சந்தேகமா இருக்கும்" என்றாள். கதவில் ஒட்டியிருந்த விதித் தாளைக் கிழித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் மேலே வந்து சமைக்கிறாள். சாம்பார்தான். பரவாயில்லை.

அன்றைக்குக் காரை விட்டு இறங்காதது பார்க்கிங்குக்காக இல்லை. இறங்கினால் போகாதேயும் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

போன கிழமை ஒரு கனவு. எல்ஸ்மியரில் பஸ் ஓட்டிக்கொண்டு போகிறேன். மோர்னிங்சைட் சந்தி தாண்டியதும் வீதி முடிந்து தண்ணீர். பஸ் நிற்கவில்லை, தண்ணீருக்கு மேலாலேயே போகிறது. வெளியில் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கடைசிச் சீற்றில் நீர் மட்டும் இருந்து ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறீர். உம்முடைய தரிப்பிடம் வந்தது. நீர் மணி அடிக்கவில்லை. இறங்கவில்லையா என்று நானும் கேட்கவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தோம். பயமாக இல்லை. முழித்த பிறகுதான் ஏதோ செய்தது.

மார்ச் கடைசியில் மூன்று கிழமை லீவு எடுத்திருக்கிறேன். நீர் வந்ததும் வீட்டில் நிற்பதற்கு.

வாகீசன்


நகாமிசாகி
8 நவம்பர் 2024

அன்புள்ள நிலக்சியின் அப்பாவுக்கு,

உங்கள் கனவை இருபது தரம் வாசித்திருப்பேன். கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

இப்போது எழுதப்போவதைப் பொறுமையாக வாசியுங்கள்.

இங்கே முதல் வருடம் மட்டும்தான் பல்கலைக்கழக விடுதி. அதற்குப் பிறகு வெளியில் வீடு எடுக்க வேண்டும். வீடு எடுக்க, இந்த நாட்டில் வாழும் ஒருவர் இவருக்கு நான் பொறுப்பு என்று பத்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். வந்து ஒரு வருடமான பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? போன வருடம் விட்டுப்போன பதினொரு பேரில் எட்டுப் பேர் இதனால்தான் போயிருக்கிறார்கள். தேடித் தேடிக் கடிதம் எழுதிக் கேட்டேன். ஒருவர்கூட இதை எங்கள் அலுவலகத்தில் வந்து சொல்லவில்லை.

இந்த வருடம் முதலாவதாக வந்து சொன்னவள் திலினி. குருநாகலைச் சிங்களப் பிள்ளை. அவளுடைய பெயரைப் பார்த்ததும் உங்களுக்குள் ஒன்று ஓடும். எனக்கும் ஒரு கணம் ஓடியது, மறைக்கவில்லை. வட்ட மேசையில் எனக்கு முன்னால் இருந்து, கொழும்பில் நான் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் பேசியதும் அழத் தொடங்கிவிட்டாள். ஆறு வீடு பார்த்தாளாம், ஆறிலும் அதே கேள்வியாம். பொறுப்பு யார்?

பல்கலைக்கழகமே பொறுப்பாக நிற்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு கூட்டம் நடந்தது. ஆலோசிப்போம் என்றார்கள். இங்கே அதற்கு இல்லை என்று அர்த்தம். மொரித்தா சான் விடவில்லை. ஐந்தாவது கூட்டத்தில் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. பல்கலைக்கழகம் கையெழுத்திடும், ஆனால் பத்திரத்தில் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் ஒரு அலுவலரின் பெயர் வேண்டும். அவர் இனி நாலு வருடம் இந்தப் பிரிவில் இருப்பவராக இருக்க வேண்டும். இங்கே அலுவலர்களை மூன்று வருடத்துக்கு ஒருதரம் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். மொரித்தா சான் ஏப்ரலில் நூலகத்துக்குப் போகிறார். நாலு வருடம் ஒரே கதிரையில் இருக்கக்கூடிய ஆள் ஒருவருமே இல்லை, வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த என்னைத் தவிர. புது ஒப்பந்தத்தையும் பத்திரத்தையும் ஒன்றாக என் மேசையில் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 20க்குள் அந்தக் கட்டத்தில் பெயர் விழ வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். திலினி அதற்குள் பெட்டி கட்டிவிடுவாள்.

மார்ச்சில் வருவேன் என்று உங்களுக்குச் சொல் கொடுத்திருக்கிறேன். அதனால் உங்களைக் கேட்கிறேன். வா என்று எழுதினால் வந்துவிடுவேன், பிறகு அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டேன். நில் என்றால் நிற்பேன். எதுவானாலும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் விட்டால், வழமைபோல உங்கள் மௌனத்துக்கு நானே அர்த்தம் தேட வேண்டி வரும். அந்த வேலையை இந்த ஒருமுறை என்னிடம் தராதீர்கள்.

அன்புடன்,
நிரூபா


நகாமிசாகி
23 டிசம்பர் 2024

வாகீசன்,

ஆறு கிழமை தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஆறு ஞாயிறும் போனில் கதைத்தோம். குளிரா என்று நான் கேட்க, குளிர் என்றீர்கள். சாப்பிட்டீரா என்று நீங்கள் கேட்க, ஓம் என்றேன். கடைசி ஞாயிறு நீங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தீர்கள். இதோ சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். "சரி, வைக்கட்டே" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை, 20ஆம் திகதி, முத்திரை குத்தினேன். இங்கே கையெழுத்துக்குப் பதில் சிறிய முத்திரை. என் பெயரை அவர்களுடைய எழுத்தில் செதுக்கித் தந்திருக்கிறார்கள். சிவப்பு மையில் தொட்டுக் கட்டத்துக்கு மேலே பிடித்தபோது வெளியில் பனி விழத் தொடங்கியது. அறை மெல்ல வெளிறிக்கொண்டு போனது. வேறு யாரோ ஒரு பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அழுத்தி எடுத்தேன். திலினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மொரித்தா சான் என்னிடம் குனிந்து வணங்கிவிட்டு நெடுநேரம் நிமிரவில்லை. இனி நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் இந்த நகரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எனக்குச் சந்தோசம். அதையும் மறைக்க மாட்டேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். கோபம் இருக்கிறது. முப்பது வருடமாக உங்கள் மௌனத்தைச் சம்மதம் என்றே எடுத்திருக்கிறேன். இந்த முறை அது, நீ வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று எனக்குக் கேட்டது. அவள் சிங்களப் பிள்ளை என்ற கோபமா, சொல் தவறப் பார்க்கிறேன் என்ற கோபமா, என்னவாக இருந்தாலும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

மார்ச்சில் நான் வரவில்லை. லீவை ரத்துச் செய்துவிடுங்கள். இதைப் போனில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நிரூபா


வோபர்ன்
19 ஜனவரி 2025

அன்புள்ள நிரூபாவுக்கு,

உம்முடைய இரண்டு கடிதமும் போன செவ்வாய்க்கிழமை ஒன்றாக வந்தன.

நவம்பர் நடுவில் இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு துண்டும் வரவில்லை. முடிந்த பிறகும் குவிந்து கிடந்ததைப் பிரித்துக் கொடுக்க நாள் எடுத்தது. மேலே இருந்த உறையை முதலில் உடைத்தேன். அது டிசம்பர்க் கடிதம். எந்தக் கட்டம், எந்த முத்திரை, எதற்கு நான் நாலு வரி எழுதியிருக்க வேண்டும் என்று ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மற்றதை உடைத்தேன். பதிலை வாசித்து முடித்த பிறகு கேள்வி கிடைத்தது. குசினியில் மேற்சட்டையும் கழற்றாமல் இருந்தேன். ஸ்ரீநிதி வந்து லைற்றைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.

வேலைநிறுத்தத்தை நான் ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர். நான் என்னையே கேட்டேன். என் கனவுக்கு மறுமொழி எழுத உமக்கு விருப்பம் இல்லை என்று நினைத்தேன். தபால் நின்றது எனக்கு வசதியாகப் போய்விட்டது. கடிதம் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. போனில் கேட்டால் அந்தக் காரணமும் போய்விடும். அதனால் குளிர் என்றேன். அந்தக் கடைசி ஞாயிறு, என்னோடு கோபமா என்று கேட்கத்தான் வாய் எடுத்தேன். வரவில்லை.

உண்மையை எழுதுகிறேன். கடிதம் நவம்பரில் கிடைத்திருந்தால் வாரும் என்று எழுதியிருப்பேன். யோசித்திருக்கவே மாட்டேன். நீரும் வந்திருப்பீர், சொல்லியும் காட்டியிருக்க மாட்டீர். அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அவள் சிங்களம் என்பதற்காக அப்படி எழுதியிருக்க மாட்டேன். வாசித்தபோது அது என் மனதில் ஓடியது, நீர் சொன்னது சரி. ஆனால் நிற்கவில்லை. நான் வாரும் என்று எழுதியிருப்பது எனக்காகத்தான். நாலு நாளாகத் தபால்காரர்களைத் திட்டினேன். நேற்றுக் காலை பஸ்ஸில், நல்ல காலம் என்னைக் கேட்டு முடிவு எடுக்கவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததும் பயந்தும் போனேன்.

நீர் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்று இல்லை. நீர் இல்லாத வீட்டில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இதை விட வடிவாக எழுத எனக்குத் தெரியாது.

பென்சன் எடுக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்கு முன் இந்த வேலையை விட ஏலாது. உமக்கு அங்கே நாலு வருடம். அதை எப்படிக் கடப்பது என்று எனக்கு இப்போது தெரியாது. ஆனால் லீவை ரத்துச் செய்யவில்லை. மார்ச் 24ஆம் திகதியிலிருந்து மூன்று கிழமை. அங்கே வந்து உம்மோடு நிற்க விரும்புகிறேன். நான் இல்லாத ஊரில் நீர் சந்தோசமாக இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதற்குள் நான் வந்து நிற்பது உமக்கு விருப்பமாக இருக்குமா என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. அதனால் கேட்கிறேன். வரட்டுமா?

தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். இது கையில் கிடைத்த அன்றைக்கே போன் எடும், ஞாயிறு வரை பார்க்க வேண்டாம். வா என்றால் வா, வராதே என்றால் வராதே. சண்டை வந்தால் வரட்டும். பேசாமல் மட்டும் இருந்துவிடாதேயும்.

வாகீசன்